சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

இந்தக் கேள்வியை இணையத்தில் தட்டினால் ஒரு தளம் 3 மணி 40 நிமிடம் என்று காட்டும். இன்னொன்று 3 மணி 55 நிமிடம் என்னும். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் 4 மணி 20 நிமிடம், சில விமானங்களில் அதற்கும் மேல். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் கடிகாரத்தை ஓரிடத்தில் ஓடவிட்டு வேறோரிடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டால், ஊரிலிருந்து கிளம்பும் நேரத்தையும் அழைத்துவரப் போகிறவர் காரை எடுக்க வேண்டிய நேரத்தையும் நாமே சொல்லிவிடலாம்.

தூரத்தில் குழப்பம் குறைவு. மீனம்பாக்கம் அட்சரேகை 12.99 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை 80.17 டிகிரி கிழக்கு. சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. பூமி உருண்டை என்பதால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி ஒரு வில்லாகத்தான் இருக்கும். அதன் பெயர் பெருவட்டத் தூரம். போனில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டரே இதற்குப் போதும். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237, விடை 0.0053. அடுத்து அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 23.82 டிகிரியின் கொசைனாலும் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148, விடை 0.8912. இரண்டையும் கூட்டினால் 0.8965. எந்தக் கோணத்தின் கொசைன் 0.8965 என்று கேட்டால் கால்குலேட்டர் 26.3 டிகிரி என்று சொல்லும். பெருவட்டத்தில் ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். ஆகவே 1,578 கடல் மைல்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்ற கணக்கில் சுமார் 2,920 கிலோமீட்டர். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். முதலில் டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சைன் கொசைன் அலர்ஜி என்றால் குறுக்குவழி உண்டு. அட்சரேகை வித்தியாசம் 11.63. தீர்க்கரேகை வித்தியாசத்தைச் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் 23.63. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.34. சரியான விடையோடு நான்கைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம், காரணம் இந்த வழி நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. இதே குறுக்குவழியைச் சென்னை–லண்டனுக்குப் போட்டால் 8,700 கிலோமீட்டர் என்று வந்து நிற்கும். உண்மை 8,230. வடக்கே போகப் போகத் தட்டை வரைபடம் இழுத்துக் காட்டும் பொய்யும் கூடிக்கொண்டே போகிறது. லண்டனின் ஹீத்ரூ விமான நிலையத்துக்கு அது ஏறக்குறைய 470 கிலோமீட்டர். சிங்கப்பூருக்குப் பள்ளிக்கூட அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தால்கூட பெரிய தப்பு வராது.

தளத்துக்குத் தளம் தூரம் பத்து இருபது கிலோமீட்டர் மாறுவதற்கு இரண்டு காரணங்கள். சில தளங்கள் விமான நிலையத்தை எடுக்காமல் ஊரின் நடுப்புள்ளியை எடுக்கின்றன. சில தளங்கள் பூமியைச் சரியான கோளமாகவும், சில துருவத்தில் சற்று அமுங்கியதாகவும் வைத்துக்கொள்கின்றன. இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விமானம் இந்த வில்லின் மேலேயே பறக்குமா என்றால், பறக்காது. கடலுக்கு மேலேயும் பெயர் வைத்த புள்ளிகளும் எண் கொடுத்த பாதைகளும் உண்டு. அவற்றைக் கோர்த்துத்தான் வழி போடுவார்கள். வங்காள விரிகுடாவைத் தென்கிழக்காகக் கடந்து, நிக்கோபார் தீவுகள், சுமத்ராவின் வடமுனை, மலாக்கா நீரிணை என்று இறங்கும் வழி இது. ஏறக்குறைய நேர்வழிதான், இருந்தாலும் தொடக்கத்திலும் முடிவிலும் சுற்று உண்டு. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 07/25, இரண்டு எண்களும் விமானம் ஓடும் திசையைக் குறிப்பவை. எண் 07 பயன்பாட்டில் இருந்தால் விமானம் கிழக்கே கடலை நோக்கிக் கிளம்பும், சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது வாகான திசை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்துக் காலை வேளைகளில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது 25-இல் மேற்கே பார்த்துக் கிளம்பி, திரும்பி வர வேண்டும். பிற்பகல் கடல்காற்று வந்தால் மறுபடி 07. சாங்கியிலும் இதே கதைதான். டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து காற்று வீசும்போது 02 என்ற திசையில், அதாவது தெற்கிலிருந்து வந்து இறங்க வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் நம் விமானம் தீவைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய்த் திரும்பும். ஒவ்வொரு திருப்பமும் சில நிமிடம். வழியில் இடிமேகம் குறுக்கிட்டால் அதைச் சுற்றப் போகும் தூரம் தனி.

இனி நேரம். விமானத் தொழிலில் நான்கு கணங்களைக் குறித்து வைப்பார்கள்: அவுட், ஆஃப், ஆன், இன். கேட்டை விட்டு விமானம் பின்னால் தள்ளப்படுவது அவுட். சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுவது ஆஃப். மறுபடி தரையைத் தொடுவது ஆன். கேட்டில் வந்து நிற்பது இன். அவுட் முதல் இன் வரை பிளாக் டைம். டிக்கெட்டில் அச்சாவது இது. ஆஃப் முதல் ஆன் வரை மட்டும் பறக்கும் நேரம். விமானங்களை நேரலையில் காட்டும் தளங்களில் போன வாரத்துப் பயண நேரம் என்று வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கு. தூரத்தை வேகத்தால் வகுத்து விடை சொல்லும் தளங்கள் இரண்டையும் பார்ப்பதில்லை, வானத்தில் பிறந்து வானத்திலேயே நின்றுவிடும் விமானத்துக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு ஏ320 விமானத்தை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம். அதன் சாதாரண வேகம் மாக் 0.78. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,067 கிலோமீட்டர், அதில் 0.78 பங்கு என்றால் 830 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளைவு நெளிவையும் சேர்த்துப் பறக்கும் தூரம் 2,980 என்று வைப்போம். மேலேறுவதற்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும், அதற்குள் 240 கிலோமீட்டர் கடந்திருக்கும். இறங்குவதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 35,000 அடிக்கு 105 கடல் மைல், வேகத்தைக் குறைக்கப் பத்து சேர்த்தால் சுமார் 115. அதாவது சாங்கிக்கு 210–220 கிலோமீட்டருக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும், அதற்கு இருபத்தைந்து நிமிடம். மிச்சமிருக்கும் 2,520 கிலோமீட்டர் மட்டத்தில் பறப்பது, அது 3 மணி 2 நிமிடம். கூட்டினால் 3 மணி 49 நிமிடம். சென்னையில் கேட்டிலிருந்து ஓடுபாதைக்குப் போய் வரிசையில் நிற்க ஒரு பதினைந்து நிமிடம், சாங்கியில் தரையிறங்கிக் கேட்டுக்கு வர எட்டு நிமிடம். ஆக 4 மணி 12 நிமிடம். டிக்கெட்டில் 4:20 என்று பார்த்தால் அந்த எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது?

அது கைக்காவல். தொழிலில் கால அட்டவணையைத் தாண்டி 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் சரியான நேரம் என்றுதான் கணக்கு. யாரும் தாமதப் பட்டியலில் ஏற விரும்ப மாட்டார்கள், அதனால் அட்டவணையிலேயே கொஞ்சம் கொழுப்பு வைத்துவிடுகிறார்கள். இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தில் போய்ச் சேர்ந்தால், விமானி விரட்டி ஓட்டினார் என்று பக்கத்து சீட்காரர் பாராட்டுவார். மாக் 0.78-ஐ 0.79 ஆக்கினால் இந்த வழியில் மிச்சமாவது இரண்டரை நிமிடம்தான். ஈடுகட்டியதில் பெரும்பங்கு அட்டவணைக்குள் ஒளிந்திருந்த நிமிடங்களும், தரையிலிருந்து வழி சொல்லும் கன்ட்ரோலர் கொடுத்த குறுக்குவழியும். வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் செலவு அதைவிட வேகமாகக் கூடும். எரிபொருளின் விலைக்கும் நேரத்தின் விலைக்கும் இடையே நிறுவனம் ஒரு எண்ணை நிர்ணயித்து விமானத்தின் கணினியில் ஏற்றியிருக்கும், விமானம் பெரும்பாலும் அதன்படிதான் ஓடும். பெரிய விமானமாக இருந்தால் கதை வேறு. போயிங் 787 போன்றவை மாக் 0.85-இல் போகும், மட்டப் பறத்தலில் மட்டும் கால் மணி நேரம் மிச்சம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தப்பாகப் பேசப்படுவது இதுதான். கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் நேரமாகும், பூமி சுற்றுவதால் அப்படி என்று பலர் சொல்வார்கள். பூமி தன் காற்றையும் சேர்த்துக்கொண்டுதான் சுற்றுகிறது, விமானத்துக்கு அடியில் பூமி மட்டும் தனியாக நழுவிப் போவதில்லை. கணக்கில் வருவது காற்று. ஐரோப்பா, அமெரிக்கா, வட இந்தியா போன்ற இடங்களில் மேல்வானத்துக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் அந்தப் பேச்சு அங்கே பலிக்கிறது. தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தலைகீழ். தரையில் தென்மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். 1950-களில் இதை விரிவாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயேதான் இருக்கும். பயணிகள் விமானம் 11, 12 கிலோமீட்டரில் பறப்பதால் அதன் உச்ச வேகத்தைத் தொடுவதில்லை, ஆனாலும் அடிப்பகுதியில் மாட்டும். ஆகவே ஆடி, ஆவணியில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பி வரும்போது பின்காற்று.

எவ்வளவு வித்தியாசம்? காற்று 30 நாட், அதாவது மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர் என்று வைப்போம். காற்றில்லாமல் 3 மணி 2 நிமிடம் ஆகும் மட்டப் பறத்தல், எதிர்காற்றில் சுமார் 3 மணி 15 நிமிடம் ஆகும். பின்காற்றில் 2 மணி 50 நிமிடம். இழப்பது பதின்மூன்று நிமிடம், பெறுவது பதினொன்றோ பன்னிரண்டோ. எதிர்காற்றில் வேகம் குறைவதோடு அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமும் நீளுகிறது. அதனால் போக வர இரண்டையும் சேர்த்தால் காற்று எப்போதும் கொஞ்சம் கடன் வைத்துத்தான் போகும்.

தூரம் குறைந்தால் நேரமும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டலாம். மீனம்பாக்கத்திலிருந்து அதன் விமான நிலையமான பலாலி 355 கிலோமீட்டர், சிங்கப்பூர் தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. 2019 நவம்பரில் இந்தச் சேவை தொடங்கியது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்தால் 43 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. கேட், ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் என்ற நிலையான செலவு 355 கிலோமீட்டருக்கும் உண்டு, 8,230 கிலோமீட்டருக்கும் உண்டு. அதனால் கேட்டிலிருந்து கேட் வரையான சராசரி வேகம் யாழ்ப்பாணத்துக்கு மணிக்கு 285 கிலோமீட்டர், சிங்கப்பூருக்கு 675. ஜெட் விமானத்துக்கு மனக்கணக்கு வேண்டுமென்றால் தூரத்தை 830-ஆல் வகுத்து 40 நிமிடம் சேருங்கள். மூன்று, நான்கு மணி நேரப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். நீண்ட பயணங்களுக்கு இதை நம்ப வேண்டாம், அங்கே காற்றும் மூடிக்கிடக்கும் வான்வெளியும் பெரிய கை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது. விமான நிலையங்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

மாறிப் போகும் டிக்கெட்டில் இந்த நிலையான செலவு இரண்டு முறை விழும். சென்னை–கொழும்பு 650 கிலோமீட்டர், கொழும்பு–சிங்கப்பூர் 2,750. மொத்தம் 3,400, நேர்வழியைவிட 480 கிலோமீட்டர்தான் அதிகம். வானத்தில் அது முப்பத்தைந்து நிமிடச் சமாச்சாரம். ஆனால் இன்னொரு ஏற்றம், இன்னொரு இறக்கம், கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து பயணம் ஏழு, எட்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். விலை குறைவு என்று அதை எடுப்பதில் தப்பில்லை, அரை நாள் கொடுத்துத்தான் அந்த விலையை வாங்குகிறோம் என்று தெரிந்து எடுத்தால் சரி.

அடுத்தது கடிகாரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 23.82 டிகிரி. டிகிரிக்கு நான்கு நிமிடம், எனவே சூரியனுக்கு வித்தியாசம் 1 மணி 35 நிமிடம்தான். கடிகாரத்துக்கோ இரண்டரை மணி. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக் கிரீன்விச் நேரம் கூட்டல் எட்டுக்குப் போய்விட்டது. அங்கே காலை ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது என்று போனவர்கள் ஆச்சரியப்படுவது இதனால். டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் இரவு 11:30-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6:20-க்குச் சேர்கிறது என்றால், வித்தியாசம் 6 மணி 50 நிமிடம், அதில் இரண்டரையைக் கழித்தால் 4:20. திரும்பும்போது கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: சாங்கியில் இரவு 8 மணி, சென்னையில் 9:45 என்றால் 1:45 கூட்டல் 2:30, மொத்தம் 4:15.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது தேதி. 15-ஆம் தேதி 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்களைப் பார்த்து விமானம் நேற்று நள்ளிரவு தாண்டியதுமே போய்விட்டது என்று கவுன்ட்டரில் சொல்வது மீனம்பாக்கத்தில் புதிதல்ல. சிங்கப்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதால் இந்த வழியில் அந்தப் பிழைக்கு இடம் அதிகம். செக்-இன் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். அந்த ஒரு மணி நேரம் கணக்கிடப்படுவது டிக்கெட்டில் உள்ள நேரத்திலிருந்து. விமானம் தாமதம் என்று போனில் செய்தி வந்திருந்தாலும், கவுன்ட்டர் பழைய நேரத்துக்கே மூடக்கூடும் என்று வைத்துக்கொண்டு கிளம்புவதே பத்திரம். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும் சில நாட்கள் உண்டு. போகிப் பண்டிகை விடியற்காலை அதில் ஒன்று. டயரும் பழைய பாயும் எரிந்த புகை மார்கழிப் பனியோடு கலந்து ஓடுபாதையை மூடும், 2018-இல் விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. பெருமழையில் 2015-இலும் 2023-இலும் டிசம்பரில் விமான நிலையமே மூடப்பட்டது. சிங்கப்பூர் பக்கம் சுமத்ரா காற்று என்று ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையில் உருவாகி வரிசையாக வரும் இடிமேகக் கூட்டம், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் தீவைக் கடக்கும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பிய விமானங்கள் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அப்படி நேர்ந்தால் விமானம் வானத்தில் வட்டமடிக்கும், இருபது முப்பது நிமிடம் போகும். இருக்கும் எரிபொருளுக்குள் வானம் தெளியாவிட்டால் பக்கத்து விமான நிலையம் ஒன்றில் இறங்கும். காலை ஒன்பது மணிக்கு வேலைக்கான நேர்காணல், மீட்டிங் என்று வைத்துக்கொண்டு ஆறரை மணி விமானத்தை நம்புவது அந்த மாதங்களில் சூதாட்டம். முந்தைய பகல் விமானத்தில் போய்விடுவது நல்லது.

யாரையாவது அழைத்துவர மீனம்பாக்கம் போகிறீர்கள் என்றால் டிக்கெட் நேரத்தை விட்டுவிடுங்கள். சாங்கியில் விமானம் எப்போது எழுந்தது என்று நேரலைத் தளத்தில் பாருங்கள். பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிடம், கடிகார வித்தியாசம் இரண்டரை மணி, கழித்தால் 1 மணி 20 நிமிடம். ஆகவே சிங்கப்பூர் நேரத்தோடு ஒன்று இருபதைக் கூட்டினால் சென்னையில் தரை தொடும் நேரம்: அங்கே 8:25-க்கு எழுந்தால் இங்கே 9:45. பகல் விமானங்கள் இரண்டு மூன்று ஒன்றாக வந்து இறங்கினால் இமிக்ரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் பிடிக்கும். கைப்பெட்டி மட்டும் என்றால் அரை மணி. தரை தொட்டதும் போன் செய்யச் சொல்லிவிட்டு, அந்த அழைப்பு வந்த பிறகு தாம்பரத்திலிருந்தோ கிண்டியிலிருந்தோ வண்டியை எடுத்தாலே போதும், பார்க்கிங் பணம் மிச்சம்.